கண்ணுக்கு எட்டும்படி: காது கேளாத மாணவர்களோடு கல்லூரி நிகழ்ச்சிகளை நடத்துவது எப்படி?

பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். அதனால் சைகையில் பேசிக்கொண்டு போகும் பிள்ளைகள் நெல்லைச் சீமைக்குப் புதிய காட்சி கிடையாது. ஆனால் பள்ளியில் தன்னைப் போலவே பேசும் கூட்டத்துக்கு நடுவே வளர்ந்த பிள்ளை, கல்லூரிக்கு வந்ததும் வகுப்புக்கு ஒருவர், துறைக்கு இருவர் என்று சிதறிப்போகிறது. பாடத்தையாவது நோட்டு வாங்கி எழுதிப் பிடித்துவிடுகிறார்கள். மன்றக் கூட்டம், கலைவிழா, நாட்டு நலப்பணித் திட்ட முகாம், விளையாட்டு விழா என்று வகுப்புக்கு வெளியே நடப்பதில்தான் அதிகம் இழக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், என்ன நடந்தது என்று கேட்டால் தெரியாது.

மன்றப் பொறுப்பாசிரியர்களும் மாணவர் பொறுப்பாளர்களும் செய்யவேண்டியதை இங்கே எழுதுகிறோம். பெரும்பாலானவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டாம். முன்கூட்டியே யோசிப்பதுதான் வேண்டும்.

முதலில் கேளுங்கள்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் 70 டெசிபெல் அல்லது அதற்கு மேல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். 60 முதல் 70 வரை என்றால் செவித்திறன் குறைந்தவர். இது சான்றிதழுக்கு உதவும், நிகழ்ச்சி நடத்த உதவாது. ஒரே அளவு இழப்புள்ள இரண்டு பேரில் ஒருவர் சைகை மொழியிலேயே வளர்ந்திருப்பார். இன்னொருவர் காதுக்கருவி மாட்டிக்கொண்டு, உதட்டைப் பார்த்து, வாயால் பதில் சொல்வார். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுவயதிலேயே காக்ளியர் கருவி (அறுவை செய்து உள்காதில் வைப்பது) பொருத்தப்பட்ட பிள்ளைகளும் இப்போது கல்லூரிக்கு வருகிறார்கள். ஆகவே ஜூன் மாதச் சேர்க்கை முடிந்த முதல் வாரமே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, எழுத்திலோ சைகையிலோ நான்கு கேள்வி கேளுங்கள். உங்களுக்குச் சைகை எளிதா, எழுத்தா, பேச்சா? எழுத்து என்றால் தமிழா, ஆங்கிலமா? கூட்டத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வசதி? அவசரம் என்றால் யாரை, எப்படிக் கூப்பிடவேண்டும்?

“உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவான்” என்று யார் சொன்னாலும் நம்பி விட்டுவிடாதீர்கள். கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் ‘படம்’ என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ‘மடம்’. உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ‘பாடு’, ‘மாடு’ இரண்டும் அப்படித்தான். க, ங, ஹ போன்றவை தொண்டைப் பக்கம் பிறப்பதால் வெளியே தெரியவே தெரியாது. உதடு படிப்பவர் பாதியைப் பார்த்து மீதியை ஊகிக்கிறார். அரைமணி நேரத்தில் கண்ணும் மூளையும் களைத்துவிடும். பேசுபவர் மீசை உதட்டை மறைத்தாலோ, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாலோ அந்தப் பாதியும் போய்விடும்.

கருவி மாட்டியவர்களுக்கு வேறு சிக்கல். மின்விசிறியின் இரைச்சலையும் நாற்காலி இழுபடுவதையும்கூட கருவி சேர்த்தே பெருக்கிக் கொடுக்கும். எதிரொலிக்கும் பெரிய அரங்கத்தில் கருவி இருந்தும் பேச்சு பிரிந்து கேட்காது. ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்தால் தொல்லைதான் கூடும்.

அழைக்கும் சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். செவிடு, ஊமை இரண்டும் கல்லூரி வளாகத்தில் யார் வாயிலும் வரக்கூடாது, வேடிக்கைக்கும் வரக்கூடாது. நண்பர்கள் கூப்பிட அவர்களுக்கென்று சைகைப் பெயர் இருக்கும். காது கேளாதவர்கள் தங்களுக்குள் ஒருவருக்கொருவர் சூட்டிக்கொள்வது அது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நீங்களாக ஒன்றை உண்டாக்கி வைக்காதீர்கள். உங்களுக்கும் ஒரு பெயர் அவர்களே வைத்தால் உங்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

முடிவுகள் டீக்கடையில் எடுக்கப்படுகின்றன

ஒரு மன்றத்தின் உண்மையான கூட்டம் பெரும்பாலும் கேன்டீனிலும் டீக்கடை பெஞ்சிலும்தான் நடக்கிறது. யார் வரவேற்புரை, எந்த வேனில் போவது, ஆளுக்கு எவ்வளவு பணம் என்பதெல்லாம் அங்கே நாலு பேர் ஒரே நேரத்தில் பேசி முடிவாகிவிடும். காது கேளாத மாணவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். யார் பேசுகிறார் என்று முகத்தைத் தேடுவதற்குள் பேச்சு அடுத்தவருக்குத் தாவியிருக்கும். “என்னன்னு?” என்று கேட்டால் “அப்புறம் சொல்றேன்லே” என்பார்கள். அந்த அப்புறம் வருவதில்லை. ஒரு மாணவரை மன்றத்திலிருந்து மெதுவாக வெளியே தள்ளுவதில் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இதற்கு ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: வாட்ஸ்அப் குழுவில் எழுத்தில் வராத எதுவும் முடிவு ஆகாது. டீக்கடையில் பேசியதை ஒருவர் அன்றிரவே மூன்று நான்கு வரியில் போடவேண்டும். அதே குழுவில் குரல் பதிவு அனுப்பவே கூடாது. அவசரத்தில் யாராவது அனுப்பிவிட்டால் அவரே கீழே தட்டச்சு செய்யட்டும். எழுத்தும் சின்னச் சின்ன வாக்கியமாக இருக்கட்டும். சைகை மொழியில் வளர்ந்த பலருக்குத் தமிழ் எழுத்து இரண்டாம் மொழி. “வந்திருந்திருக்கலாமே” என்ற ஒரு சொல்லில் நாம் ஏற்றிவைக்கும் பொருள் அவர்களைத் தடுக்கி விழவைக்கும். ‘சனி. காலை 9. பேருந்து, கல்லூரி வாசல் முன்னால். அடையாள அட்டை கொண்டு வா’ போதும். அவர்கள் எழுதும் தமிழில் விகுதி மாறி வந்தால் அதை வைத்து அறிவை எடைபோடாதீர்கள். சைகை மொழிக்கு இலக்கணம் வேறு. ‘நீ எங்கே போகிறாய்’ என்பதில் வரும் ‘எங்கே’ அங்கே கடைசியில் நிற்கும்.

நேரில் கூட்டம் போட்டால் பத்துப் பன்னிரண்டு நாற்காலியை ப வடிவில் போடுங்கள், எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரியவேண்டும். பேசுபவர் முதலில் கை தூக்கவேண்டும், எல்லாரும் திரும்பிப் பார்த்த பிறகே பேசவேண்டும். அதட்டிக் கூப்பிடுவதற்குப் பதில் தோளை லேசாகத் தொடலாம், தூரம் என்றால் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடலாம். மரத்தரையில் காலால் தட்டினால் அதிர்வு போய்ச் சேரும். நம் கல்லூரிகளின் சிமெண்டுத் தரையிலும் மொசைக்கிலும் அது நடக்காது.

செல்போனில் பேச்சை எழுத்தாக்கும் கூகுள் செயலி தமிழையும் எழுதும். போனைப் பேசுபவரின் முன்னால் ஒரு முழத்துக்குள் வைத்து, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசினால் நன்றாகவே உதவும். அறையின் அந்த மூலையிலிருந்து “என்னவே, அங்ஙன வாறியளா” என்று நெல்லைத் தமிழில் பேசினால் தடுமாறிவிடும். தேதி, தொகை, ஊர்ப்பெயர் மூன்றையும் செயலியை நம்பாமல் பலகையில் எழுதிவிடுங்கள்.

மேடை நிகழ்ச்சி

செப்டம்பர் 23 உலக சைகை மொழிகள் நாள். உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு 1951இல் தொடங்கிய நாள் அது. மறுநாள் 24 நாட்டு நலப்பணித் திட்ட நாள். இரண்டையும் சேர்த்து நடத்தினால் அரங்கம், ஆள், செலவு எல்லாம் ஒன்றாகப் போகும். ஆனால் அந்த ஒரு நாளோடு நிறுத்தாதீர்கள். சால்வை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவிடும் விழாவைக் காது கேளாத மாணவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். நிகழ்ச்சியைத் திட்டமிடும் குழுவில் அவர்களில் இரண்டு பேராவது முதல் நாளிலிருந்தே இருக்கவேண்டும், மேடைப் பொறுப்பு, கணக்குப் பொறுப்பு போல நிஜமான பொறுப்போடு.

சைகை மொழிபெயர்ப்பாளரை மூன்று வாரம் முன்பே உறுதி செய்யுங்கள். நம் பக்கத்தில் பயிற்சி பெற்றவர்கள் குறைவு, செப்டம்பரில் எல்லாரும் ஒரே நாளில் கூப்பிடுவார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் காது கேளாதோர் பள்ளிகளிலும் விசாரிக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் நிகழ்ச்சிக்கு இரண்டு பேர் வேண்டும், இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஒருவரையே மூன்று மணி நேரம் நிறுத்தினால் கை வலிப்பதற்கு முன்பே மூளை களைத்து, சொல் விடுபட ஆரம்பிக்கும். பார்க்கிறவருக்குப் பேச்சாளர் உளறுவதுபோலத் தெரியும். கட்டணத்தையும் பயணச் செலவையும் முன்பே பேசி எழுத்தில் வையுங்கள். நிதி இல்லை என்று நிர்வாகம் சொன்னால், சம வாய்ப்புக் கொள்கை வகுக்கவேண்டும் என்று 2016 சட்டம் சொல்வதையும், உயர்கல்வி நிறுவனங்களுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதல்களையும் விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். சைகை தெரிந்த வகுப்புத் தோழியை இலவசமாக நிறுத்திவிடலாம் என்ற யோசனை வேண்டாம். அவளும் விழாவுக்கு வந்த மாணவிதான். மூன்று வருடமும் அவளையே நிறுத்தி, நட்பே முறிந்துபோவது நடக்கிறது.

பேச்சாளர்களின் உரைக்குறிப்பு, விருந்தினர் பெயர்ப் பட்டியல், பாடல் வரிகள் மூன்றும் நான்கு நாள் முன்பே மொழிபெயர்ப்பாளர் கையில் இருக்கவேண்டும். திருக்குறளை மேற்கோள் காட்டப்போகிறார் என்றால் எந்தக் குறள் என்றும் சொல்லிவிடுங்கள். மேடையில் நின்றபடி யோசித்து மொழிபெயர்க்கக்கூடியது அல்ல அது.

நிற்குமிடம்: பேச்சாளருக்குப் பக்கத்திலேயே, ஒன்று ஒன்றரை அடி உயரத்தில். முகத்திலும் கையிலும் முன்னாலிருந்து வெளிச்சம் விழவேண்டும். பின்னால் ஜன்னலோ, பளிச்சிடும் எல்.இ.டி. திரையோ இருந்தால் கை வெறும் நிழலாகத்தான் தெரியும். உடை தோல் நிறத்திலிருந்து பிரிந்து தெரியும் ஒற்றை நிறமாக இருக்கட்டும். காது கேளாதவர்களுக்கு முதல் இரண்டு வரிசையை ஒதுக்கி, மொழிபெயர்ப்பாளரிலிருந்து ஆறு முதல் பதினைந்து அடிக்குள் வையுங்கள். ஓரத்தில் தள்ளி வைத்தால் பேச்சாளர், திரை, மொழிபெயர்ப்பாளர் மூன்றுக்கும் கண் அலைந்துகொண்டே இருக்கும்.

கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் குத்துவிளக்கு ஏற்றும்போது. விருந்தினர்கள், பொறுப்பாசிரியர்கள், புகைப்படக்காரர் எல்லாரும் ஒரே இடத்தில் திரள்வார்கள், மொழிபெயர்ப்பாளர் அவர்களுக்குப் பின்னால் மறைந்துபோவார். அங்கே யாரும் நிற்கக்கூடாது என்று தரையில் சுண்ணாம்பால் ஒரு கட்டம் வரைந்து, ஒரு தன்னார்வலரைக் காவலுக்கு நிறுத்துங்கள். அடுத்தது மின்தடை. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் இரண்டு நிமிடமும் மைக் இல்லாமல் மற்றவர்கள் சமாளித்துக்கொள்வார்கள், இருட்டில் சைகை அடியோடு நின்றுவிடும். சார்ஜ் போட்ட எமர்ஜென்சி விளக்கு ஒன்று மொழிபெயர்ப்பாளரின் காலடியில் எப்போதும் இருக்கட்டும்.

வினாடி வினா என்றால் கேள்வி திரையில் வரவேண்டும், மொழிபெயர்த்து முடித்த பிறகே நேரம் ஓடவேண்டும். மணிக்குப் பதில் விளக்கு. யாரையாவது பாராட்ட வேண்டுமானால் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டச் சொல்லுங்கள். அரங்கம் முழுக்க ஐந்நூறு ஜோடிக் கைகள் மேலே ஆடும்போது மேடையில் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

பந்தி

எழுதுபவர்கள் அதிகம் தொடாத இடம் இது. விழா முடிந்து சாப்பாடு. நம் பந்தியில் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து வரிசையாக உட்காருவோம், வலது கை சோற்றில் இருக்கும். காது கேளாத மாணவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் முகமும் தெரியாது, தன் கையும் ஓய்வில்லை. ஆக, விழாவிலேயே கலகலப்பான அரைமணி நேரம் அவருக்கு மௌனப்படமாகப் போய்விடுகிறது. எதிரெதிர் வரிசையாக இலை போடுங்கள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு கால்மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் சும்மா நின்று பேச இடம் கொடுங்கள். பழக்கம் பிறப்பது அங்கேதான். மொழிபெயர்ப்பாளருக்கும் இலை போட மறக்காதீர்கள், ஆனால் சாப்பிடும்போது அவரை வேலை வாங்காதீர்கள்.

விளையாட்டும் கலையும்

விளையாட்டில் மாற்றவேண்டியது கொஞ்சம்தான். ஓட்டப்பந்தயத் துப்பாக்கியோடு சேர்த்து, ஓடுபவர் கண்ணுக்குப் படும் இடத்தில் கொடி இறங்கவேண்டும். அந்த மாணவருக்கு உள்தடத்தைக் கொடுத்து, தொடங்கிவைப்பவர் அந்தப் பக்கமே நிற்கட்டும். கைப்பந்தில் நடுவர் விசிலோடு கொடியும் அசைக்கட்டும். கோகோவில் ‘கோ’ என்று குரல் கொடுக்கவேண்டும் என்பது விதி. கலந்து ஆடும் ஆட்டத்தில் முதுகில் பலமாகத் தொட்டாலே போதும் என்று இரு அணியும் முன்பே ஒப்புக்கொள்ளலாம். திறமை தெரிந்தால் கல்லூரிப் போட்டியோடு நிறுத்தவேண்டாம். காது கேளாதோருக்கான ஒலிம்பிக் 1924இல் பாரிஸில் தொடங்கியது. அதில் ஆட, இரண்டில் நன்றாகக் கேட்கும் காதிலும் குறைந்தது 55 டெசிபெல் இழப்பு இருக்கவேண்டும், ஆடும்போது காதுக்கருவி மாட்டக்கூடாது. 2022 மே மாதம் பிரேசிலில் நடந்ததில் பாட்மின்டனில் மூன்று தங்கம் வென்ற ஜெர்லின் அனிகா மதுரைப் பெண். நமக்கு மூன்று மணி நேரத் தூரம்.

நடனத்துக்குத் தாளக்கணக்கைக் கையால் காட்டும் ஒருவர் மேடைக்குக் கீழே, பார்வையாளர் கண்ணில் படாமல் உட்காரவேண்டும். பறையும் தவிலும் பக்கத்தில் ஒலித்தால் நெஞ்சில் அதிர்வாக வந்து சேரும். பதிவுசெய்த இசையை விட அவற்றோடு ஒத்திகை பார்ப்பது எளிது. மௌன நாடகத்தில் மட்டுமே அவர்களைப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். குறும்படம், மேடை ஒளியமைப்பு, அரங்க அலங்காரம், மன்றச் செயலாளர் தேர்தல், எல்லாவற்றிலும் கேளுங்கள்.

குளத்தங்கரையில்

வளாகத்துக்கு வெளியே போகும்போது காது கேளாத மாணவரைப் பின்னால் நிறுத்துவது வழக்கம். சில வேலைகளில் அவர்கள்தான் முன்னால் நிற்கவேண்டியவர்கள். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் நடந்துவரும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் சத்தம் போட்டால் பறவை எழும்பிவிடும். இந்தக் கரையில் இருப்பவர் அந்தக் கரையில் இருப்பவரிடம் எண்ணிக்கையைச் சொல்லச் சைகையை விட நல்ல வழி இல்லை.

நான்கைந்து பேர் குழுவாகப் போங்கள். முந்தின வாரமே படங்களை வைத்துக்கொண்டு பதினைந்து பறவைகளுக்குச் சைகை முடிவு செய்யுங்கள். காது கேளாத மாணவர்களே அதை முடிவு செய்யட்டும். நம் ஊர்ப் பெயர்களே பாதி வேலையைச் செய்துவைத்திருக்கின்றன: அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, முக்குளிப்பான். பெயரைச் சொல்லும்போதே கை தானாக அந்த உருவத்துக்குப் போகும். குளத்தில் செய்யும் தவறு ஒன்றுதான், எல்லாரும் செய்வது. வழிகாட்டி தொலைநோக்கியைக் காட்டி, “அந்தா பாருங்க, வரித்தலை வாத்து, தலையில ரெண்டு கறுப்புக் கோடு” என்பார். கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தால் அவர் சொல்வது போயிற்று, அவரைப் பார்த்தால் வாத்து போயிற்று. முதலில் சொல்லி முடியுங்கள், பிறகு பார்க்க விடுங்கள், பார்த்து நிமிர்ந்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். கூந்தன்குளத்தில் சங்குவளை நாரையின் கூட்டைக் காட்டினாலும், கிராமத்தில் மண்பரிசோதனை செய்துகாட்டினாலும் இதே வரிசைதான்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் வீடுவீடாகக் கணக்கெடுக்கும்போது, பேசும் மாணவர் ஒருவரும் காது கேளாதவர் ஒருவரும் இணையாகப் போகட்டும். கேள்வித்தாளை டிக் அடிக்கும் கட்டங்களாக அடியுங்கள். பள்ளிக்கே போகாமல், வீட்டுச் சைகை மட்டும் தெரிந்த காது கேளாத பெரியவர்கள் சில கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் அரைமணி நேரம் திணறுவதை ஒரு காது கேளாத மாணவர் ஐந்து நிமிடத்தில் பேசி முடிப்பார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று எடுத்து விண்ணப்பிக்கவும், அரசு மருத்துவமனையில் செவித்திறன் பரிசோதனைக்கு நாள் வாங்கவும் அந்த மாணவரே கூட வரலாம். முகாமில் இரவு தீ மூட்டி உட்கார்ந்தால் சைகையில் பேசுபவர் தீயைப் பார்த்து நிற்கவேண்டும். முதுகு காட்டி நின்றால் கை கறுப்பாகத்தான் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18இல் வந்த வெள்ளத்தை இந்தச் சீமை மறக்காது. ஒலிபெருக்கியில் சொல்லும் எச்சரிக்கை காது கேளாத வீட்டுக்குள் போகாது, இராத்திரியில் கதவைத் தட்டினாலும் போகாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, அக்டோபரில், கல்லூரியைச் சுற்றி இருக்கும் காது கேளாத குடும்பங்களின் பட்டியலை அவர்கள் சம்மதத்தோடு எடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஜன்னல் வழியாக டார்ச் அடிப்பதா, தலையணைக்கடியில் போனை அதிரவைப்பதா என்பதை அந்த வீட்டாரே சொல்லட்டும், ஒருமுறை ஒத்திகையும் பாருங்கள். விடுதியிலும் இதே ஏற்பாடு வேண்டும். மாற்றுச்சாவி வார்டனிடம் இருக்கவேண்டும், அபாய மணியோடு விளக்கும் எரியவேண்டும்.

சைகை வகுப்பு

வாரம் ஒரு மணி நேரம், மதிய இடைவேளையில், எட்டுப் பத்துப் பேர் போதும். கற்றுக்கொடுப்பவர் காது கேளாத மாணவராகவே இருக்கட்டும். அந்த ஒரு மணி நேரம் யாரும் வாய் திறக்கக்கூடாது. வாரத்துக்குப் பத்துச் சைகை என்று வைத்தால் பதினைந்து வார செமஸ்டரில் நூற்றைம்பது வரும், கேன்டீனில் பேசிச் சிரிக்க அது தாராளம். டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் காணொளியாக இருக்கின்றன, ‘சைன் லேர்ன்’ என்ற செயலியும் 2022இல் வந்தது. அகராதியில் ஒரு மாதிரியும் உங்கள் மாணவர் கையில் வேறு மாதிரியும் இருந்தால் மாணவரின் சைகையைப் பின்பற்றுங்கள். பள்ளிக்குப் பள்ளி, ஊருக்கு ஊர் மாறுவது இயல்பு.

துறைப் பெயர்கள், ஆசிரியர்களின் சைகைப் பெயர்கள், ‘இன்டர்னல்’, ‘அரியர்’, ‘ஹால் டிக்கெட்’ போன்றவை அகராதியில் கிடைக்காது, வளாகத்திலேயே உருவாகும். இறுதியாண்டு மாணவர்கள் போகும்போது அவையும் கூடவே போய்விடும். மார்ச் மாதம், தேர்வுக்கு முன்னால் ஒரு மதியம் ஒதுக்குங்கள். வெற்றுச் சுவருக்கு முன்னால், இடுப்பிலிருந்து தலைக்கு மேல் ஒரு சாண் வரை தெரியும்படி போனை நிறுத்தி, சைகைக்கு ஐந்து விநாடி வீதம் பதிவு செய்து, கீழே தமிழில் சொல்லை எழுதி, மன்றத்தின் கணினியில் ஒரு பிரதியும் ஜூனியர் ஒருவரிடம் ஒரு பிரதியும் கொடுத்துவிடுங்கள். ஜூனில் புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் நாளே காட்ட அது வேண்டும்.